உக்கிராணச் சாவி யாரிடம்?

தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவர்களிடம் சி மொழி என்று சொல்லிப் பாருங்கள். டர்போ சி-யின் நீலத் திரைதான் முதலில் ஞாபகம் வரும். ஐந்து பாடத்தின் மதிப்பெண்ணைக் கூட்டியது, ஃபிபனாச்சி வரிசையை அச்சிட்டது, விட்டுப்போன ஒரு அரைப்புள்ளியைத் தேடி அரைமணி நேரம் போனது, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியது. அதோடு சரி. பிறகு ஜாவாவோ பைதானோ சோறு போடும். சி-யைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

அந்தச் சி-யில் இணையச் சேவைகளை எழுதுவதற்கென்றே ஒரு சட்டகம் இருக்கிறது. பெயர் கோர். மாலை கோர்ப்பதையும் கோரிக்கையையும் ஒருசேர நினைவூட்டினாலும் அந்தப் பெயருக்கும் தமிழுக்கும் உறவில்லை. ஜோரிஸ் விங்க் என்ற நிரலாளர் 2013 வாக்கில் எழுதத் தொடங்கியது. ஐஎஸ்சி என்ற தாராளமான உரிமத்தில் வெளியாகிறது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், தம் பொருளோடு சேர்த்து விற்கவும் செய்யலாம்.

கைபேசிச் செயலிகள் திரைக்குப் பின்னால் ஏதோ ஒரு சர்வரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டே இருக்கின்றன. டிக்கெட் உறுதியாகிவிட்டதா, கணக்கில் மீதி எவ்வளவு, நாளைக்கு மழை உண்டா. இந்தக் கேள்வி பதிலுக்காகச் சர்வர் திறந்து வைத்திருக்கும் வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். வாசலுக்கு வேண்டிய நிலை, கீல், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கோர் கொடுத்துவிடும். கதவை மட்டும் நாம் இழைத்துக்கொள்ள வேண்டும்.

சி-யில் எழுதுவது வேகத்துக்காகத்தானே என்று கேட்பீர்கள். பாதி உண்மை. பாதிகூட இல்லை என்பேன்.

ஒரு சின்னக் கணக்கு. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னையில் இருக்கும் கைபேசி மும்பையில் இருக்கும் சர்வரிடம் ஒன்றைக் கேட்டுப் பதில் வாங்க, நேர்கோட்டில் போய்வந்தால்கூட ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். அதாவது 10 மில்லிநொடி. இதற்குக் கீழே எந்தக் கம்பெனியாலும் இறக்க முடியாது. அந்த 10 மில்லிநொடிக்குள் 3 கிகாஹெர்ட்ஸ் சிப் 3 கோடி முறை துடித்துவிடும். ஆக, சர்வர் தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கணக்குப் போடுவதில் செலவழிப்பதில்லை. யாராவது ஏதாவது அனுப்புவார்களா என்று காத்திருப்பதில் செலவழிக்கிறது. எப்படிக் காத்திருப்பது என்பதில்தான் முப்பது ஆண்டுகால வித்தை அடங்கியிருக்கிறது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலைக்கு ஒரு ஆள் என்று பரிமாற நிறுத்தினால் என்ன ஆகும்? விருந்தாளி ரசத்தை உறிஞ்சி முடிக்கிறவரை அவர் வாளியும் கையுமாகச் சும்மா நிற்பார். இருநூறு இலைக்கு இருநூறு ஆள், இருநூறு வாளி, அத்தனை பேரும் நிற்க இடம். 1993இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்து என்சிஎஸ்ஏ மையத்தில் உருவான சிஜிஐ என்ற முறை இதற்கும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புதிய நிரலோட்டத்தைத் தொடங்கி, பதில் சொன்னதும் அதை முடித்துவிடும். இலை விழுந்த பிறகு தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு, வேட்டி கட்டிவிட்டு, ஒரு கரண்டி பரிமாறவைத்து, உடனே வீட்டுக்கு அனுப்புவது போல. அந்தக் காலத்துச் சிஜிஐ நிரல்களில் பல சி-யிலேயே எழுதப்பட்டவை. சி-யில் வலைச்செயலி என்பது புதுமோகம் இல்லை. வலையின் பால்ய வழக்கம். 1995இல் வந்த அப்பாச்சி, ஆட்களை முன்கூட்டியே வரிசையில் நிறுத்தி வைத்தது. சிக்கல் குறைந்தது, தீரவில்லை.

1999இல் டான் கெகல் என்ற நிரலாளர் இந்தச் சிக்கலுக்கு ஒரு பெயர் வைத்தார்: சி10கே. ஒரே சர்வரில் ஒரே நேரத்தில் 10,000 பேர் வந்தால் தாங்குமா? அவர் தொடர்ந்து புதுப்பித்துவந்த அந்தக் கட்டுரையில் ஒரு கணக்கு வரும். 1,200 டாலருக்கு 1,000 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 2 ஜிபி நினைவகமும் கொண்ட இயந்திரம் கிடைக்கிறது. 20,000 பேருக்குப் பங்கு போட்டாலும் தலைக்கு 50 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோபைட் வருகிறது. ஒரு கோப்பின் சில கிலோபைட்டை எடுத்து அனுப்ப அது தாராளம். வன்பொருள் தயார் என்றால், தடையாக நிற்பது மென்பொருள்தானே?

தடை உண்மையில் எங்கே இருந்தது? இலைக்கு ஒரு த்ரெட் (ஒரு நிரலுக்குள்ளேயே ஓடும் தனி இழை) என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸில் ஒரு த்ரெட்டின் அடுக்கு நினைவகத்துக்கு வழக்கமாக 8 மெகாபைட் முகவரி இடம் ஒதுக்குவார்கள். 32 பிட் கணினியில் ஒரு நிரலுக்குக் கிடைக்கும் மொத்த முகவரி இடமே 3 ஜிபி. வகுத்துப் பாருங்கள், 400 த்ரெட்டைத் தாண்டாது. பத்தாயிரம் எங்கே, நானூறு எங்கே.

அப்படியானால் ஒரே ஆள் பல இலைகளைக் கவனிக்க வேண்டும். அதற்கான பழைய வழி, 1983இல் பெர்க்லி யூனிக்ஸின் 4.2 பதிப்போடு வந்த 'செலக்ட்'. ஒருவர் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசை முழுக்க 'சாம்பார் வேணுமா, சாம்பார் வேணுமா' என்று இலை இலையாகக் கேட்டுக்கொண்டே போகிறார். வேண்டுமென்பவர் மூன்றே பேராக இருந்தாலும் பத்தாயிரம் பேரையும் கேட்டாக வேண்டும். போதாததற்கு, லினக்ஸில் 1,024 இலைக்கு மேல் இந்தப் பந்தி நீளாது. 2000இல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் 'கேகியூ' என்ற வசதியையும், 2002இல் லினக்ஸ் 'ஈபோல்' என்ற வசதியையும் கொண்டுவந்தன. இப்போது பரிமாறுபவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கை தூக்கியவர்களின் பட்டியலை மட்டும் இயங்குதளம் அவரிடம் நீட்டும். பந்தியின் நீளம் ஒரு பொருட்டே இல்லை என்றாகிவிட்டது.

இந்த வசதியை மனத்தில் வைத்துக் கட்டிய சர்வர்களில் புகழ்பெற்றது எஞ்சின்எக்ஸ். ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் 2002இல் எழுதத் தொடங்கி, 2004 அக்டோபரில் பொதுவில் வைத்தார். சும்மா திறந்திருக்கும் 10,000 தொடர்புகளுக்கு எஞ்சின்எக்ஸ் எடுத்துக்கொள்ளும் நினைவகம் சுமார் 2.5 மெகாபைட் என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். தலைக்கு 250 பைட். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும் என்பதால் 250 பைட்டில் இந்தப் பத்தியின் இரண்டு வரிகூட அடங்காது.

கோர் இதே மரபில் வந்தது. சிப்பில் எத்தனை கோர்கள் இருக்கின்றனவோ அத்தனை ஊழியர்கள் (பெயர்க் குழப்பத்துக்கு நான் பொறுப்பில்லை; சிப்பின் கோர் வேறு, இந்தக் கோர் வேறு). ஒவ்வொரு ஊழியரும் தனி நிரலோட்டம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஈபோல் பட்டியல். நாம் எழுதும் பங்கு, கோரிக்கையை வாங்கிப் பதிலைத் தரும் ஒரு சி செயற்கூறு. எந்த முகவரிக்கு எந்தச் செயற்கூறு என்பதை அமைப்புக் கோப்பில் சில வரிகளில் சொல்லிவிடலாம்.

எளிதாகத் தெரிகிறது. கண்ணி ஒன்று இருக்கிறது. அந்தச் செயற்கூறு தரவுத்தளத்தைக் கேட்டுவிட்டு, பதில் வரட்டும் என்று அங்கேயே நின்றால், அந்த ஊழியரை நம்பியிருக்கும் எல்லா இலைகளும் காயும். நான்கு கோர் இயந்திரத்தில் கால்வாசி விருந்தாளிகள் பட்டினி. ஆகவே செயற்கூறு நிற்கக் கூடாது. 'அப்புறம் கூப்பிடு' என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். திரும்பக் கூப்பிடும்போது விட்ட இடம் எது என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். பைதான், ஜாவாஸ்கிரிப்ட்டில் இதை 'அவெயிட்' என்ற ஒற்றைச் சொல் பார்த்துக்கொள்ளும். சி-யில் அந்தச் சொல் கிடையாது. கேள், காத்திரு, படி, பிழையா பார், முடி என்று வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, இப்போது எந்தத் துண்டில் நிற்கிறோம் என்பதை நாமே குறித்து வைக்க வேண்டும். பத்து வரியில் முடிய வேண்டிய காரியம் எழுபது வரியாகும். சலிப்பான வேலை, மறைப்பானேன்? கோரிலேயே பைதானில் எழுதவும் ஒரு வழி வைத்திருப்பதற்கு இந்தச் சலிப்பும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

இவ்வளவு பேசியதில் சி மொழி எங்கே வந்தது? வரவேயில்லை. காத்திருக்கும் வித்தை எந்த மொழிக்கும் சொந்தமில்லை. 2009இல் வந்த நோட்.ஜேஎஸ் இதையே ஜாவாஸ்கிரிப்ட்டில் செய்துகாட்டியது. சி கொடுப்பது வேறொன்று: நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டும் எங்கே இருக்கிறது, எப்போது விடுபடும் என்பது முழுக்க நம் கையில். பயன் முடிந்த நினைவகக் குப்பையை அள்ளுவதற்காக நடுவில் நின்றுபோகும் வழக்கம் சி நிரலுக்கு இல்லை. சிறிய இயந்திரத்திலும் ஓடும். அந்த அதிகாரத்துக்கு ஒரு விலை உண்டு.

1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி-யை உருவாக்கியபோது யூனிக்ஸ் ஓடிய பிடிபி-11 கணினியின் நினைவகம் முதலில் 24 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம்கூட அதில் கொள்ளாது. அந்த இடத்துக்குள் வாழ்ந்த மொழி, எதையும் இரண்டாம் முறை சரிபார்க்காது. சி-யில் ஒரு சொற்றொடருக்குத் தன் நீளம் என்னவென்று தெரியாது. கடைசியில் ஒரு பூஜ்யம் வரும்வரை படித்துக்கொண்டே போகும். நூறு எழுத்துக்கான இடத்தில் நூற்றைம்பது எழுத்தை ஊற்றினால் 'வழிகிறது' என்று சொல்லாது. பக்கத்துப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டிருக்கும்.

உள்ளீட்டு வரியை வாங்க நாங்கள் கல்லூரியில் பயன்படுத்திய 'கெட்ஸ்' என்ற செயற்கூறு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. எவ்வளவு வாங்கலாம் என்று அதனிடம் சொல்ல வழியே இல்லை. 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் இணையத்தில் ஏவிய புழு, தாவுவதற்குப் பயன்படுத்திய வழிகளில் ஒன்று இதுதான். யூனிக்ஸின் 'ஃபிங்கர்' சேவை 512 பைட்டுக்கு இடம் வைத்துக்கொண்டு கெட்ஸை நம்பி உட்கார்ந்திருந்தது. புழு அனுப்பியது 536. மிச்சம் 24 பைட் போதுமானதாக இருந்தது.

இருபத்தாறு ஆண்டு கழித்து ஹார்ட்பிளீட். உலகத்துப் பாதுகாப்பான வலைத்தளங்களில் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில், 2011ஆம் ஆண்டின் கடைசி நாளில் நுழைந்த பிழை 2014 ஏப்ரல் 7 அன்று வெளியே தெரிந்தது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, இந்தப் பக்கம் ஒரு சொல்லை அனுப்பினால் அந்தப் பக்கம் அதையே திருப்பி அனுப்ப வேண்டும். நான்கு எழுத்துச் சொல்லை அனுப்பிவிட்டு 'இதன் நீளம் 64 ஆயிரம்' என்று புளுகினால், சர்வர் அந்த நான்கையும், நினைவகத்தில் அதற்கடுத்துக் கிடந்த சுமார் 64 கிலோபைட்டையும் அள்ளிக் கொடுத்தது. அதில் பிறருடைய கடவுச்சொல் இருக்கலாம். சர்வரின் அந்தரங்கச் சாவியே இருக்கலாம்.

பிறருடைய வலைத்தளங்களின் பக்கங்களை இடையில் நின்று பரிமாறும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் 2017 பிப்ரவரியில் நடந்தது இன்னும் வேடிக்கை. பக்கத்தின் முடிவை எட்டிவிட்டோமா என்று பார்க்கும் இடத்தில் >= இருந்திருக்க வேண்டும், == இருந்தது. பத்தாவது நிறுத்தத்தில் இறங்கு என்று சொல்லி ஒருவனை பஸ் ஏற்றிவிடுகிறோம். அவன் பத்தாவதில் கண்ணயர்ந்து பதினொன்றாவதில் விழித்தால் என்ன செய்வான்? 'இது பத்து இல்லையே' என்று டெப்போ வரை போவான். அந்தச் சி நிரலும் அப்படியே எல்லையைத் தாண்டிப் படித்துக்கொண்டு போய், ஒரு வாடிக்கையாளரின் தகவலை இன்னொருவரின் பக்கத்தில் ஒட்டிவிட்டது. தேடுபொறிகளின் சேமிப்பில்கூட அந்தத் துணுக்குகள் கிடந்தன. கூகுளின் டாவிஸ் ஆர்மண்டி கண்டுபிடித்துச் சொன்னார்.

இப்போது கோருக்குத் திரும்பலாம். அதில் என்னைக் கவர்ந்தது அதன் வேகம் அல்ல, அதன் சந்தேகம். சி-யில் எழுதுகிறவன் என்றைக்காவது ஒருநாள் தவறு செய்வான் என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிட்டு, தவறு நடந்தால் எவ்வளவு சேதம் ஆகலாம் என்பதற்கு வேலி போடுகிறது.

பெரிய கல்யாணங்களில் உக்கிராண அறை என்று ஒன்று இருக்கும். அரிசி, பருப்பு, நெய், முந்திரி எல்லாம் அங்கே. சாவி குடும்பத்தில் யாராவது ஒரு கறாரான பெரியவர் மடியில். சமையல்காரருக்கு எது வேண்டுமானாலும் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். பெரியவர் அளந்து கொடுப்பார். சாவி மட்டும் கை மாறாது.

கோரின் அமைப்பு இதுதான். 'நான்தான் அந்த வங்கியின் சர்வர்' என்று நிரூபிக்கும் அந்தரங்கச் சாவி, கோரிக்கைகளைக் கவனிக்கும் ஊழியர்கள் எவரிடமும் கிடையாது. அதற்கென்று தனி நிரலோட்டம் ஒன்று ஓடுகிறது. கையொப்பம் தேவைப்படும்போது ஊழியர் அதனிடம் சீட்டு அனுப்புவார். அது கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். ஹார்ட்பிளீட் போன்ற ஓட்டை ஊழியரிடம் இருந்து, அவருடைய நினைவகம் முழுவதையும் ஒருவன் உறிஞ்சி எடுத்தாலும் அதில் சாவி இருக்காது. அப்போது அங்கே புழங்கிய கடவுச்சொற்கள் போகலாம், அதற்கு மருந்தில்லை. ஊழியர் வேடத்தில் நுழைந்தவன், பிடிபடும்வரை சீட்டு எழுதிப் பருப்பு வாங்கிக்கொண்டிருக்கவும் முடியும். உக்கிராணத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதுதான் ஆறுதல். ஒரே வேலையை அதிகாரம் உள்ளது, இல்லாதது என்று இரண்டு நிரலோட்டமாகப் பிரிக்கும் இந்த உத்தியை, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 2002இல் பரவலாக்கியது. கோர் அதை வலைச்செயலி எழுதுகிறவருக்குக் கேட்காமலே கொடுக்கிறது.

மற்ற வேலிகளும் உண்டு. ஊழியர்கள் தொடங்கும்போதே ரூட் என்ற முழு அதிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒற்றைக் கோப்புறைக்குள் அடைபடுகிறார்கள். அவர்களுக்குப் பந்திக்கூடம்தான் உலகம். லினக்ஸில் செக்காம்ப், ஓப்பன்பிஎஸ்டியில் பிளெட்ஜ் என்ற வசதிகளைக் கொண்டு, இயங்குதளத்திடம் இன்னின்ன வேலைகளை மட்டுமே கேட்பேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பட்டியலில் இல்லாததைக் கேட்ட மாத்திரத்தில் அந்த ஊழியரின் கதையை இயங்குதளமே முடித்துவிடும்; வேறொருவர் அந்த இடத்துக்கு வருவார். மறையாக்கம் இல்லாத தொடர்பை, நாம் வலிந்து சொன்னாலொழிய ஏற்பதில்லை. 'ஐடி' என்ற உள்ளீட்டில் இலக்கங்கள் மட்டுமே வரலாம் என்று அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டால், வேறெதுவும் நம் செயற்கூற்றின் கண்ணிலேயே படாது. அறிவிக்காத உள்ளீடுகளும் அப்படியே. வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்கிற வீடு.

இவ்வளவு வேலி போட வேண்டிய மொழி எதற்கு, வேலி தேவைப்படாத மொழியில் எழுதினால் என்ன? நியாயமான கேள்வி. தன் மென்பொருள்களில் திருத்தப்படும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத் தவறுகள் என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் சொன்னது. எஞ்சின்எக்ஸை நம்பியிருந்த கிளவுட்ஃபிளேர், அதற்குப் பதிலாக ரஸ்ட் மொழியில் பிங்கோரா என்ற ஒன்றைத் தானே எழுதி 2022இல் அறிவித்தது. அப்போதே நாளொன்றுக்கு ஒரு லட்சம் கோடிக்கு மேற்பட்ட கோரிக்கைகள் அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. பழையதைவிடச் சிப்பின் வேலையும் நினைவகமும் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதாகச் சொன்னார்கள்.

ரஸ்டின் வெற்றி என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் ஒரு விவரத்தை விட்டுவிடுகிறார்கள். சேமிப்புக்குக் கிளவுட்ஃபிளேர் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று மொழி அல்ல, சுவர். எஞ்சின்எக்ஸில் ஒவ்வொரு ஊழியரும் தனி நிரலோட்டம் என்பதால், ஒருவர் பாடுபட்டுத் திறந்து வைத்த தொடர்பை அடுத்தவர் பயன்படுத்த முடியாது. அவர் புதிதாக ஒன்றைத் திறக்க வேண்டும். பிங்கோராவில் எல்லாரும் ஒரே கூடத்தில் த்ரெட்டுகளாக இருந்து தொடர்புகளைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ரஸ்ட் நினைவகத்தைக் காவல் காப்பதால் சுவரில்லாமல் வாழும் துணிச்சல் அவர்களுக்கு வந்தது. சி-யில் அந்தச் சுவரை இடிக்க எனக்குக் கை நடுங்கும். கோரில் ஊழியர்களைப் பிரிக்கும் சுவரும் அதே சுவர்தான். காப்பாற்றுவதும் அது, வீணாக்குவதும் அது.

நாளைக்கே ஒரு புதுச் சேவை தொடங்கும் நண்பரிடம் கோரை எடுத்துக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே லட்சக்கணக்கான வரி சி நிரலை வைத்திருந்து, அதற்கு இணையத்தில் ஒரு வாசல் மட்டும் வேண்டும் என்பவரிடம் சொல்வேன். உள்ளங்கை அளவு இயந்திரத்தில் சேவை ஓட வேண்டியவரிடமும் சொல்வேன். சி-யை எப்படிப் பயத்தோடு எழுதுவது என்று கற்க நினைக்கும் மாணவரிடம் கட்டாயம் சொல்வேன், அதன் மூல நிரலைப் படி என்று.

2011இல் வந்த சி மொழித் தரநிலையிலிருந்து கெட்ஸை நீக்கிவிட்டார்கள். அண்மையில் அண்ணன் மகனுடைய கல்லூரி ரெக்கார்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நான்காவது பயிற்சி, பெயரை வாங்கித் திருப்பி எழுதும் நிரல். பெயருக்கு இருபது எழுத்து இடம், அடுத்த வரியில் கெட்ஸ். கீழே சிவப்பு மையில் ஒரு டிக், தேதி, கையெழுத்து.

"என்ன சித்தப்பா, தப்பா?" என்றான்.

"உன் முழுப்பேரை, இனிஷியலை விரிச்சு, அப்பா பேரோட சேர்த்து அடிச்சுப் பாத்தியா?"

அவன் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான்.